அயல்நாட்டுப் படையினர் குற்றம் செய்தால் விசாரிப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டில் முகாமிட்டிருக்கும் வேற்று நாட்டுப் படைவீரர் அந்த நாட்டுக் குடிமகன் ஒருவருக்கு எதிராகக் குற்றம் செய்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் "அவரை இங்கேயே விசாரிக்க முடியாதா?" என்ற கேள்வி எழுகிறது. விடை பெரும்பாலும் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களைப் படிப்பவர்கள் எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்று சொல்லும் பிரிவையே முதலில் தேடுகிறார்கள். ஆனால், நடந்த வழக்குகளைப் பார்த்தால், அந்தச் செயல் கடமையின்போது நடந்ததா என்று முடிவு செய்பவர் யார், குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை யாருடைய காவலில் இருப்பார் என்ற இரண்டு சிறிய பிரிவுகளே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன. கீழே உள்ள விடைகள் அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுக்கின்றன.

குற்றம் நடந்த நாட்டின் நீதிமன்றம்தானே விசாரிக்க வேண்டும்? படையினருக்கு மட்டும் தனி விதி எதற்கு?

ஒரு நாட்டின் எல்லைக்குள் நடக்கும் குற்றத்தை அந்த நாடே விசாரிக்கலாம் என்பதுதான் பொது விதி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், ஓர் அரசு இன்னோர் அரசின் படையைத் தன் மண்ணுக்குள் அனுமதிக்கும்போது, அந்தப் படையின் ஒழுங்கைக் காக்கும் அதிகாரத்தை அதன் தளபதியிடமே விட்டுவிட ஒப்புக்கொண்டதாகக் கருத வேண்டும் என்ற வாதமும் பழையது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1812ஆம் ஆண்டில், ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலைப் பற்றிய ஸ்கூனர் எக்ஸ்சேஞ்ச் வழக்கில், இதை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவர் மனத்தில் இருந்தது ஒரு நாட்டின் வழியாகக் கடந்து செல்லும் படை. பல தலைமுறைகளாக ஒரே ஊரில் தங்கி, அங்கே கடைக்குப் போய், மது அருந்தி, வாகனம் ஓட்டும் படைக்கு அதே வாதத்தை அப்படியே நீட்டுவது எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது நீட்டப்பட்டது. பிரிட்டன் 1942ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி அங்கிருந்த அமெரிக்க வீரர்களின் குற்றங்களை அமெரிக்க இராணுவ நீதிமன்றங்களே விசாரித்தன. சாமர்செட் பகுதியின் ஷெப்டன் மாலெட் சிறையை அமெரிக்கப் படை எடுத்துக்கொண்டு, தன் வீரர்கள் 18 பேருக்கு அங்கே மரண தண்டனை நிறைவேற்றியது. அவர்களுள் சிலர் பாலியல் வன்முறைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள். அந்தக் குற்றத்துக்கு அப்போது ஆங்கிலச் சட்டத்தில் மரண தண்டனையே இல்லை. ஆகவே, அனுப்பிய நாட்டின் நீதிமன்றம் எப்போதும் இளகிய மனத்தோடு நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட முடியாது.

படைநிலை ஒப்பந்தம் என்பது என்ன?

அயல்நாட்டுப் படையினரின் கடவுச்சீட்டு, சுங்க வரி, ஓட்டுநர் உரிமம், இழப்பீடு, குற்ற விசாரணை ஆகிய அனைத்தையும் ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் அது. செய்திகளில் 'சோஃபா ஒப்பந்தம்' (Status of Forces Agreement என்பதன் சுருக்கம்) என்று அடிபடுவதும் இதுவே. 1951ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று நேட்டோ இராணுவக் கூட்டணி நாடுகள் லண்டனில் கையெழுத்திட்ட ஒப்பந்தமே பின்வந்த பலவற்றுக்கு முன்மாதிரி. அதன் 7ஆம் பிரிவு குற்ற விசாரணை பற்றியது. ஜப்பானுடன் 1960ஆம் ஆண்டிலும் தென் கொரியாவுடன் 1966ஆம் ஆண்டிலும் அமெரிக்கா செய்துகொண்ட ஒப்பந்தங்களில் அந்தப் பிரிவின் சாயலைத் தெளிவாகக் காணலாம்.

அந்த 7ஆம் பிரிவு என்ன சொல்கிறது?

ஒரு செயல் ஒரு நாட்டின் சட்டப்படி மட்டுமே குற்றமாக இருந்தால், அந்த நாட்டுக்கே முழு அதிகாரம். எடுத்துக்காட்டாக, பணியிலிருந்து தப்பி ஓடுவது அனுப்பிய நாட்டின் இராணுவச் சட்டப்படி மட்டுமே குற்றம். கொலை, திருட்டு, பாலியல் வன்முறை போன்றவை இரு நாட்டுச் சட்டங்களிலும் குற்றமே என்பதால் இரு நாடுகளுக்கும் அதிகாரம் உண்டு. அப்போது யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி வருகிறது. குற்றம் அனுப்பிய நாட்டின் சொத்துக்கோ பாதுகாப்புக்கோ மட்டும் எதிரானது என்றாலும், பாதிக்கப்பட்டவரும் அதே படையைச் சேர்ந்தவர் என்றாலும், செயல் அலுவல் கடமையின்போது நிகழ்ந்தது என்றாலும் அனுப்பிய நாட்டுக்கு முன்னுரிமை. எஞ்சிய அனைத்திலும் படையை ஏற்ற நாட்டுக்கு முன்னுரிமை.

முன்னுரிமை உள்ள நாடு தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம். மற்ற நாடு அப்படிக் கேட்டால் அதைப் பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. பரிசீலித்தபின் மறுப்பதைத் தடுக்கும் வரி அதில் இல்லை.

செயல் கடமையின்போது நடந்ததா என்று யார் முடிவு செய்வது?

பெரும்பாலான வழக்குகள் இங்கேதான் தீர்ந்துபோகின்றன. குற்றம் சாட்டப்பட்டவரின் மேலதிகாரி, "இவர் அப்போது கடமையில் இருந்தார்" என்று ஒரு சான்றிதழ் தருவார். ஜப்பானிலும் கொரியாவிலும் மாறான ஆதாரம் காட்டப்படும்வரை அந்தச் சான்றிதழே போதிய சான்றாகக் கொள்ளப்படும். கருத்து வேறுபாடு எழுந்தால் இரு நாட்டு அதிகாரிகளும் அமர்ந்த கூட்டுக் குழுவுக்கு விஷயம் போகும்.

1960ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன்பே நடப்பில் இருந்த இந்த முறையின் முதல் பெரிய சோதனை 1957ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று ஜப்பானின் குன்மா மாநிலத்தில் வந்தது. துப்பாக்கிச் சுடும் பயிற்சித் திடலில் சிதறிக் கிடக்கும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பழைய உலோகமாக விற்பது அக்கம்பக்கத்து ஏழைகளின் வழக்கம். பயிற்சி இடைவேளையில் ஓர் இயந்திரத் துப்பாக்கியைக் காவல் காத்துக்கொண்டிருந்த அமெரிக்க வீரர் ஒருவர், தன் துப்பாக்கியின் குண்டு ஏவும் குழாயில் காலித் தோட்டாக் கூடு ஒன்றைப் பொருத்திச் சுட்டார். தோட்டா பொறுக்க வந்திருந்த ஒரு பெண், ஆறு குழந்தைகளின் தாய், முதுகில் அடிபட்டு இறந்தார். காவல் காப்பது கடமையே என்று அமெரிக்க இராணுவம் சான்றளித்தது. தோட்டாவை வீசி ஆசை காட்டி வரவழைத்து மக்களைச் சுடுவது எந்தக் கடமையில் சேரும் என்று ஜப்பான் கேட்டது. கூட்டுக் குழுவில் இழுபறி நீண்டபின் அமெரிக்கா தன் உரிமையை விட்டுக்கொடுத்தது. அந்த வீரர் அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க, 'வில்சன் எதிர் ஜிரார்ட்' என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், ஜப்பானிடம் அவரை ஒப்படைக்க அரசியல் சட்டத் தடை ஏதும் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டு ஜூலையில் தீர்ப்பளித்தது.

சட்டப் புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால், மாயெபாஷி நகர நீதிமன்றம் அவருக்கு விதித்தது மூன்றாண்டுச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. கொலைக் குற்றம் சாட்டுவதில்லை என்று இரு அரசுகளும் முன்பே மறைவாகப் பேசி வைத்திருந்தது பின்னாளில் ஆவணங்களால் வெளிப்பட்டது.

கொரியாவில் 2002ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று நடந்ததில் இத்தகைய விட்டுக்கொடுப்புகூட இல்லை. யாங்ஜு அருகே, பயிற்சிக்காகச் சென்ற கனரக இராணுவ வண்டி, சாலையோரம் நடந்துகொண்டிருந்த 14 வயது மாணவிகள் இருவர் மீது ஏறியது. அந்த வண்டி சாலையின் ஒரு தடத்தைவிட அகலமானது. வண்டிக்குப் பொறுப்பானவர் மாணவிகளைக் கண்டும் ஓட்டுநருக்குச் சொல்ல முடியாதபடி தொடர்புக் கருவி செயல்படவில்லை என்பது குற்றஞ்சாட்டப்பட்டோர் தரப்பின் வாதம். விசாரணை உரிமையை விட்டுத்தருமாறு கொரிய அரசு கேட்டது. நிகழ்ந்தது கடமையின்போது என்பதால் அமெரிக்கா மறுத்தது. நவம்பரில் அமெரிக்க இராணுவ நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதன்பின் சோல் நகரில் திரண்ட மெழுகுவத்திப் போராட்டங்கள், பின்னாளில் குடியரசுத் தலைவர்களையே அசைத்த மெழுகுவத்திப் போராட்ட மரபின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. பயிற்சிக்குச் செல்லும் வண்டி கடமையில்தான் இருந்தது என்பதை ஒப்பந்தத்தின் சொற்களை வைத்து மறுப்பது கடினம். மக்களின் கோபம் அந்தச் சொற்களின் மீதே இருந்தது.

கடமை என்பதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு ஜப்பானிலேயே இன்னோர் எடுத்துக்காட்டு உண்டு. அலுவல் விருந்தில் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டி வீடு திரும்புவதையும் கடமையாகக் கருதலாம் என்று 1956ஆம் ஆண்டு முதல் ஓர் ஏற்பாடு இருந்தது. அது 2011ஆம் ஆண்டில்தான் கைவிடப்பட்டது.

கடமையின்போது நடந்தது என்றாகிவிட்டால் இழப்பீடும் கிடைக்காதா?

கிடைக்கும். 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் காவலேசே அருகே தாழப் பறந்த அமெரிக்கப் போர் விமானம் கம்பிவட ஊர்தியின் வடத்தை அறுத்ததில் 20 பேர் இறந்தனர். விமானி விசாரிக்கப்பட்டது அமெரிக்க மண்ணில், அமெரிக்க இராணுவ நீதிமன்றத்தில். மரணங்களுக்கான குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். பறக்கும்போது எடுத்த காணொளி நாடாவை அழித்ததற்காகவே அவர் பின்னர் சிறை சென்றார். இழப்பீட்டுக்கோ நேட்டோ ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவில் வேறு வழி இருந்தது. படையை ஏற்ற நாடு முதலில் பாதிக்கப்பட்டோருக்குப் பணம் கொடுக்கும். பிறகு அதில் 75 விழுக்காட்டை அனுப்பிய நாடு திருப்பித் தரும். இத்தாலி அப்படியே செய்தது. உயிரிழந்தோரின் குடும்பங்கள் அமெரிக்க நீதிமன்றப் படியேறாமலே இழப்பீடு பெற இது உதவியது. இந்தப் பிரிவுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைப்பதில்லை.

விசாரணை அதிகாரம் இருந்தால் போதாதா? காவல் ஏன் அவ்வளவு முக்கியம்?

ஆள் கையில் இல்லாமல் வாக்குமூலம் வாங்குவதும், சாட்சிகளை எதிரெதிரே நிறுத்துவதும், அவர் நாட்டைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதும் காவல்துறையால் ஆகாது. நேட்டோ ஒப்பந்தத்தின்படி, சந்தேக நபர் ஏற்கெனவே அனுப்பிய நாட்டின் கையில் இருந்தால், ஏற்ற நாடு முறைப்படி குற்றஞ்சாட்டும்வரை அங்கேயே இருப்பார். ஜப்பானிய ஒப்பந்தத்திலும் அதே விதி.

ஜப்பானின் ஒக்கினாவாவில் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திச் சென்று பாலியல் வன்முறை செய்ததாக மூன்று அமெரிக்கப் படையினர் மீது புகார் எழுந்தபோது, உள்ளூர்க் காவல்துறை சில நாட்களிலேயே பிடியாணை பெற்றுவிட்டது. ஆனாலும், மூவரும் செப்டம்பர் 29 அன்று குற்றஞ்சாட்டப்பட்ட பிறகே கையளிக்கப்பட்டனர். இடைப்பட்ட அந்த வாரங்களில் ஒக்கினாவா கொதித்தது. அக்டோபர் 21 அன்று கினோவானில் நடந்த கூட்டத்தில் சுமார் 85,000 பேர் திரண்டனர். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள அந்தத் தீவுகளில், அமெரிக்கப் படைகளுக்கென ஒதுக்கிய நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு இருக்கிறது என்பதை நினைவில் கொண்டால் அந்தக் கோபத்தின் ஆழம் விளங்கும்.

அம்மாத முடிவுக்குள், கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களில் குற்றஞ்சாட்டுவதற்கு முன்பே ஆளைக் கையளிக்கும் கோரிக்கையைப் பரிவோடு பரிசீலிப்பதாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது. ஒப்பந்தத்தின் வாசகம் மாறவில்லை, நடைமுறை மட்டும் மாறியது. முடிவெடுப்பது இன்றும் அமெரிக்கத் தரப்புதான். கொரியா 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 12 வகைக் கடுங்குற்றங்களில் குற்றஞ்சாட்டும்போதே ஆளைப் பெறும் உரிமையை எழுத்திலேயே வாங்கிக்கொண்டது. என் பார்வையில் கொரியர்களின் பேரமே வலுவானது.

பிலிப்பைன்ஸ் வழக்குகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஏன்?

காவல் பிரிவு ஒரு வழக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை இவற்றைப்போல் வேறெதுவும் காட்டுவதில்லை. பிலிப்பைன்ஸ் மேலவை 1991ஆம் ஆண்டில் அமெரிக்கத் தளங்களை நீட்டிக்க மறுத்தது. அடுத்த ஆண்டில் அவை மூடப்பட்டன. 1998ஆம் ஆண்டில் கையெழுத்தான வருகைப் படைகள் ஒப்பந்தம், பயிற்சிக்கு வந்து போகும் அமெரிக்க வீரர்களுக்கு விதிகளை வகுத்தது. அதன் 5ஆம் பிரிவின்படி, அமெரிக்கா கேட்டால், குற்றம் நடந்த நேரம் முதல் எல்லா நீதி நடவடிக்கைகளும் முடியும்வரை ஆள் அமெரிக்கக் காவலில் இருப்பார். நடவடிக்கைகள் ஓராண்டுக்குள் முடியாவிட்டால், ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பிலிருந்து அமெரிக்கா விடுபடும். நாட்டு நீதிமன்றங்களில் வழக்குகள் நகரும் வேகத்தை அறிந்த எவரும் அந்த ஓராண்டுக் கெடுவைக் கண்டு தயங்கியிருக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று சூபிக்கில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறை செய்ததாக அமெரிக்கக் கடற்படைப் பிரிவு வீரர்கள் நால்வர் மீது வழக்கு வந்தது. மகாதி நகர நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று, கெடுவை ஒட்டியே, தீர்ப்பு வழங்கியது. மூவர் விடுதலை, ஒருவருக்கு 40 ஆண்டு வரையிலான சிறை. அவர் மகாதி சிறைக்கு அனுப்பப்பட்டார். அம்மாதம் 29ஆம் தேதி இரவில் அவரை அங்கிருந்து எடுத்து அமெரிக்கத் தூதரக வளாகத்தில் வைத்தார்கள். மேல்முறையீடும் நீதி நடவடிக்கையே, ஆகவே காவல் எங்களுடையது என்பது அமெரிக்காவின் வாதம். 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டியது. விசாரணைக் காலத்துக் காவலுக்கு ஒரு விதி, தண்டனைக்குப் பின் அடைத்துவைக்க வேறொரு விதி என்று ஒப்பந்தமே பிரித்திருக்கிறது. பின்னதற்கு இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட, பிலிப்பைன்ஸ் அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் உள்ள இடமே பொருந்தும் என்றது அது. இடத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, புகார் கொடுத்த பெண் தன் முந்தைய கூற்றில் ஐயம் தெரிவித்து வாக்குமூலம் அளித்தார். ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வீரரை விடுவிக்க, அவர் நாட்டைவிட்டுப் போனார்.

2014ஆம் ஆண்டு அக்டோபரில் ஒலொங்கப்போவில் ஒரு திருநங்கை கொல்லப்பட்ட வழக்கில் அந்தத் தீர்ப்பின் பயன் தெரிந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அமெரிக்க வீரர் தூதரகத்தில் அல்லாமல், பிலிப்பைன்ஸ் இராணுவத் தலைமையகமான அகினால்தோ முகாமில், குளிரூட்டிய சரக்குப் பெட்டகம் ஒன்றில் வைக்கப்பட்டார். உள்ளே அமெரிக்கக் காவலர்கள், வெளியே பிலிப்பைன்ஸ் காவலர்கள். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் தண்டிக்கப்பட்ட பிறகும் அவர் இருந்தது அதே முகாமில்தான். 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் அதிபர் துதெர்தே முழு மன்னிப்பு வழங்க, அவர் தாயகம் திரும்பினார்.

அதிகாரத்தை முன்கூட்டியே மொத்தமாக விட்டுக்கொடுக்கும் நாடுகளும் உண்டா?

உண்டு. மேற்கு ஜெர்மனி 1959ஆம் ஆண்டுத் துணை ஒப்பந்தத்தில் தன் முன்னுரிமையைப் பொதுவாக விட்டுக்கொடுத்தது. ஆனால், ஜெர்மானிய நீதியின் முக்கிய நலன் பாதிக்கப்படும் வழக்கில் 21 நாட்களுக்குள் அதைத் திரும்பப் பெறும் உரிமையை வைத்துக்கொண்டது. இது வெளிப்படையான ஏற்பாடு. 1953ஆம் ஆண்டில் ஜப்பான் செய்ததோ மறைவானது. மிக முக்கியமான வழக்குகளைத் தவிர மற்றவற்றில் தன் உரிமையைப் பயன்படுத்தும் எண்ணம் இல்லை என்று அது அமெரிக்காவிடம் தெரிவித்திருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகே ஆவணங்கள் வெளிவந்தன. எழுதிய ஒப்பந்தத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டின் நிலையை எடைபோடுவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அனுப்பிய நாட்டில் மரண தண்டனை இருந்தால்?

நெதர்லாந்து இதை நேரில் எதிர்கொண்டது. 1988ஆம் ஆண்டில் அங்கிருந்த அமெரிக்க விமானப்படை வீரர் ஒருவர் தன் மனைவியைக் கொன்றார். நேட்டோ ஒப்பந்தப்படி அவரை அமெரிக்காவிடம் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின்படி, மரண தண்டனை விழக்கூடிய இடத்துக்கு அனுப்பக் கூடாது. 1990ஆம் ஆண்டு மார்ச்சில் டச்சு உச்ச நீதிமன்றம், இரண்டு கடப்பாடுகளும் மோதும்போது மனித உரிமைக் கடப்பாடே மேலோங்கும் என்று கொண்டு, ஒப்படைக்க மறுத்தது. மரண தண்டனை கோரப்படாது என்று அமெரிக்கத் தரப்பு உறுதி தந்தபின் சிக்கல் தீர்ந்தது.

இதற்குத் தலைகீழான நிலையும் உண்டு. ஜப்பானில் மரண தண்டனை நடைமுறையில் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் இல்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்விரு நாடுகளும், ஒன்றன் படை மற்றதன் மண்ணுக்கு வந்து போக வழிசெய்யும் பரஸ்பர அணுகல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பல ஆண்டுகள் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே குற்றத்துக்கு இரு நாடுகளும் தனித்தனியே விசாரிக்கலாமா?

நேட்டோ முறையில் கூடாது. ஒரு நாடு விசாரித்து முடித்தால், அதே மண்ணில் மற்ற நாடு அதே குற்றத்துக்கு விசாரிக்க முடியாது. இராணுவ ஒழுங்கை மீறியதற்காக அனுப்பிய நாடு தனியே நடவடிக்கை எடுக்கலாம்.

வீரர்களின் குடும்பத்தாரும் ஒப்பந்தப் பணியாளரும் இந்த விதிகளுக்குள் வருவார்களா?

இங்கே நீண்ட காலம் ஓர் ஓட்டை இருந்தது. அமைதிக் காலத்தில் இராணுவத்தைச் சாராத குடும்பத்தாரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டில் 'ரீட் எதிர் கவர்ட்' வழக்கில் சொன்னது. வெளிநாட்டில் நடந்த அவர்களின் குற்றத்தை அமெரிக்க உள்நாட்டு நீதிமன்றங்கள் விசாரிக்கவும் சட்டம் இல்லை. 2000ஆம் ஆண்டில்தான் அதற்கெனச் சட்டம் வந்தது. 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றபோது, ஆக்கிரமிப்பு நிர்வாகம் பிறப்பித்திருந்த 17ஆம் எண் ஆணையால் ஈராக்கிய நீதிமன்றம் அவர்களைத் தொட முடியவில்லை. 2014ஆம் ஆண்டில் நால்வரை அமெரிக்க நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு அளித்தார்.

தூதரக விலக்குரிமை இதிலிருந்து வேறு. படைநிலை ஒப்பந்தம் விசாரணையைப் பங்கிட்டுக்கொடுக்கிறது. தூதரக விலக்குரிமை ஏற்ற நாட்டின் விசாரணையையே தடுக்கிறது. 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குரோட்டன் தளத்தருகே தவறான பக்கத்தில் காரை ஓட்டி 19 வயது இளைஞர் ஒருவரின் மரணத்துக்குக் காரணமான அமெரிக்கப் பெண் நாட்டைவிட்டுப் போக முடிந்தது பின்னதால்தான்.

படையினருக்குச் சட்ட விலக்கு அளித்ததால் அரசியல் கவிழ்ந்த நாடுகள் உண்டா?

1964ஆம் ஆண்டில் ஈரானிய நாடாளுமன்றம் அமெரிக்க இராணுவ ஆலோசகர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் விலக்கு அளித்தது. அக்டோபர் 26 அன்று அதை எதிர்த்துக் கடுமையாகப் பேசிய மதத் தலைவர் கொமெய்னி அடுத்த மாதமே நாடு கடத்தப்பட்டார். 1979ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அவர் திரும்பி வந்து ஆட்சியைப் பிடித்த கதையை எல்லாரும் அறிவர். ஈராக்கில் 2011ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைகளை நீட்டிக்கும் பேச்சு முறிந்ததற்கு, சட்ட விலக்கை ஈராக்கிய நாடாளுமன்றத்தின் வழியே பெற முடியாமல் போனதே முக்கியக் காரணம்.

ஐ.நா. அமைதி காக்கும் படையினருக்கு என்ன விதி?

அவர்களுக்கு ஏற்ற நாட்டின் நீதிமன்றம் முற்றிலும் விலக்கு. 1990ஆம் ஆண்டு ஐ.நா. வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின்படி படையை அனுப்பிய நாட்டுக்கே முழு விசாரணை அதிகாரம். ஐ.நா.வால் செய்யக்கூடியது திருப்பி அனுப்புவது மட்டும். 2007ஆம் ஆண்டில் ஹைட்டியில், சிறார் உட்படப் பலரைப் பாலியல் சுரண்டல் செய்ததாக எழுந்த புகாரில் நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் தாயகத்துக்கு அனுப்பப்பட்டனர். ஹைட்டிய நீதிமன்றம் எதுவும் அவர்களை விசாரிக்கவில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள ஏற்பாடுகளுள் பாதிக்கப்பட்டவருக்கு மிகக் குறைந்த பாதுகாப்புத் தருவது இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இலங்கையில் அயல்நாட்டுப் படையினரின் நிலை என்ன?

இரண்டு விஷயங்கள். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவுடன் பரிமாறிக்கொண்ட கடிதங்களின்படி, இலங்கைக்கு வரும் அமெரிக்கப் படையினர் தூதரகத்தின் நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளருக்கு நிகரான நிலையைப் பெறுகின்றனர். மேலே சொன்னபடி, இது நேட்டோ முறையைவிடக் கூடுதலான விலக்கு. 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவுடனான புதிய படைநிலை ஒப்பந்த வரைவு பற்றிய செய்திகள் வந்தபோது எழுந்த எதிர்ப்பில் பலர் இந்தப் பழைய ஏற்பாட்டைக் கவனிக்கவே இல்லை.

மற்றது 1987 முதல் 1990 வரை இருந்த இந்திய அமைதி காக்கும் படை. 1987ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலும் அதன் இணைப்பிலும் அப்படையினரின் குற்றங்களை விசாரிப்பது யார் என்று ஒரு வரிகூட இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டதற்காக இலங்கை நீதிமன்றம் எதிலும் யாரும் தண்டிக்கப்படவில்லை. சட்டமே இல்லை என்பது இதற்குக் காரணமன்று. இந்திய இராணுவச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு எதிரான கொலையையும் பாலியல் வன்முறையையும் சாதாரணமாக இராணுவ நீதிமன்றத்திடமிருந்து விலக்கிவைத்தாலும், இந்தியாவுக்கு வெளியே நடந்தவற்றில் அந்த அதிகாரத்தை அளிக்கிறது.

இத்தாலிய வீரர்கள் இருவரின் வழக்கும் இதே வகைதானா?

நெருங்கிய உறவு, ஆனால் அதே வகை அன்று. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், என்ரிகா லெக்சி என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் செயின்ட் ஆண்டனி என்ற மீன்பிடிப் படகை நோக்கிச் சுட்டதில் மீனவர் இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். இந்தியா அந்த வீரர்களைத் தன் மண்ணில் ஏற்றிருக்கவில்லை, அதனால் ஒப்பந்தமும் இல்லை. கேள்வி கடல் சட்டத்தின் வழியே போனது. ஆனால், பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2020ஆம் ஆண்டில் தந்த விடை பழகியதே: அவர்கள் அரசுக் கடமையில் இருந்தார்கள், ஆகவே இந்தியாவால் விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும். 10 கோடி ரூபாய் வந்தபின், 2021ஆம் ஆண்டு ஜூனில் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. இத்தாலி தானே விசாரிப்பதாகச் சொல்லியிருந்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ரோம் நீதிபதி அதையும் மூடினார்.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்திடம் போக முடியாதா?

தனி வீரர் ஒருவர் செய்த கொலையோ பாலியல் வன்முறையோ பொதுவாக அதன் வரம்புக்குள் வராது. இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவையே வரும். அவற்றிலும், தன் படையினரை அங்கே ஒப்படைப்பதில்லை என்ற உறுதியை அமெரிக்கா 2002ஆம் ஆண்டு முதல் பல நாடுகளிடம் ஒப்பந்தமாக வாங்கி வைத்திருக்கிறது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏற்கெனவே தாயகம் திரும்பிவிட்டால் என்ன வழி?

ஏற்ற நாட்டுக்கு அதிகாரம் இருந்தால், ஆளைக் கையளிக்கக் கோருவதே வழி. கென்யாவின் நன்யுகியில் பிரிட்டிஷ் படை பயிற்சிக்கு வந்து தங்கும் முகாம் உண்டு. 2012ஆம் ஆண்டில் கைக்குழந்தையுடன் இருந்த 21 வயதுப் பெண் ஒருவர் அவ்வூர் விடுதியில் படைவீரர்களுடன் கடைசியாகக் காணப்பட்டு, சுமார் இரண்டு மாதங்களுக்குப் பின் விடுதியின் கழிவுத் தொட்டியில் பிணமாகக் கிடந்தார். 2019ஆம் ஆண்டில் கென்ய நீதித்துறையின் மரண விசாரணை, கொன்றது பிரிட்டிஷ் படையினர் என்று முடிவு சொன்னது. ஆனாலும், முன்னாள் வீரர் ஒருவருக்கு எதிராகக் கென்ய உயர் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது 2025ஆம் ஆண்டு செப்டம்பரில்தான். குடும்பத்தார் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்திராவிட்டால் அதுவும் நடந்திருக்காது. இனி அவரை அனுப்பலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது பிரிட்டனின் நீதிமன்றமும் அரசும்.